பாஸ்போர்ட்டுக்கு எழுதிய கண்

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் செத்தவர்கள். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருந்த எங்கள் ஊரில், ஒரு வீட்டுச் சுவரில் படம் தொங்கினால் அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். இறந்ததும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புகிற கையோடு, போட்டோக்காரரைக் கூட்டிவர ஒருவர் நாமக்கல்லுக்கு சைக்கிளை மிதிப்பார். பிணத்தைக் குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்தி நாற்காலியில் உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டுவார்கள். படம் எடுத்த பிறகுதான் பாடை.

வீட்டுக்காரர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள். "கண்ணு தொறந்தாப்பல வேணுங்க." போட்டோக்காரர் தலையாட்டிவிட்டுப் போவார். படத்தைக் காகிதத்தில் எடுத்த பிறகு, மூடின இமைமேல் மெல்லிய தூரிகையால் மையைத் தொட்டுக் கண் வரைந்து அனுப்புவார். இதற்குக் கண் எழுதுவது என்று பெயர். என் அப்பாவும் எழுதின கண்ணோடுதான் எங்கள் வீட்டு நடுச்சுவரில் இருந்தார். சின்ன வயதிலேயே எனக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. எங்கள் அப்பாவும், எதிர்வீட்டில் பிரசவத்தில் போன அக்காவும், மேலத்தெருவில் பாம்பு கடித்துச் செத்தவரும் ஒரே மாதிரி பார்க்கிறார்களே என்று. அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "செத்தவங்க எல்லாரும் ஒரே எடத்தத்தான பாக்கறாங்க, சாமி" என்றாள். அதற்குப் பிறகு விளக்கு வைத்தபின் அந்தச் சுவர்ப்பக்கம் நான் திரும்புவதில்லை.

எனக்குக் கல்யாணமான வாரமே வீட்டுக்காரர் கொழும்புக்குக் கிளம்பிவிட்டார். அங்கே ஒரு தானியக் கடையில் கணக்கு எழுதுகிற வேலை. கல்யாணத்தில் நான் குனிந்த தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் ஊர் நாலுவிதமாகப் பேசியிருக்கும். அவர் என் வகிட்டைப் பார்த்தார், நான் அவர் காலைப் பார்த்தேன், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். இடம் பார்த்துக்கொண்டு கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு இடம் கிடைப்பதற்குள் வெள்ளைக்காரன் போய், இங்கே ஒரு சர்க்கார், அங்கே ஒரு சர்க்கார் என்று ஆகிவிட்டது. அதுவரை கொழும்புக்குப் போக டிக்கெட் இருந்தால் போதும். இப்போது பாஸ்போர்ட் வேண்டும், அங்கிருந்து அனுமதிச் சீட்டு வேண்டும், இரண்டிலும் போட்டோ வேண்டும் என்றார்கள்.

அவர் எழுதிய கடிதத்தை அண்ணன் உரக்கப் படித்தான். மார்கழி முடிவதற்குள் வந்தால்தான் அனுமதி செல்லும். ரயிலும் கப்பலுமாக வந்தால் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்கென்று அடைத்துவைத்து நாளைக் கடத்திவிடுவார்கள், ஆகையால் முதலாளி கையைக் காலைப் பிடித்து திருச்சியிலிருந்து ஆகாய விமானத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்தத் தடவை தப்பினால் அப்புறம் எப்போது என்று எனக்கே தெரியாது. போட்டோ இரண்டு அனுப்பவும், ஒன்று ஆபீசுக்கு, ஒன்று எனக்கு. எங்கள் பக்கத்து ஊரில் ஒருத்தி இருந்தாள். புருஷன் ரங்கூனுக்குப் போனவன், சண்டைக்குப் பின் தகவல் இல்லை. பொட்டு வைப்பதா வேண்டாமா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கடிதம் கேட்ட அன்று முழுக்க எனக்கு அவள் முகமாகவே இருந்தது. அவளைப்போல ஆகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் என் மனதில் ஓடியது.

அண்ணன் போர்டு பள்ளிக்கூடத்து வாத்தியார். காகிதம் என்றால் அவனுக்குப் பயமும் பக்தியும். என் பெயரில் ஒரு எழுத்துக்கூட ஒரு காகிதத்துக்கும் இன்னொரு காகிதத்துக்கும் மாறக் கூடாது என்று சிலேட்டில் எழுதிவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதோடு ஒத்துப் பார்த்தான். சேலம் கலெக்டர் ஆபீசுக்கு அவன் நடந்த நடைக்கு ஒரு ஜோடிச் செருப்பு தேய்ந்தது. எல்லாம் சரி, போட்டோவுக்கு எங்கே போவது? அவனுக்குத் தெரிந்தவர் ஒரே ஒரு போட்டோக்காரர்தான். எங்கள் எல்லோருக்குமே அவர் ஒருவர்தான்.

அம்மா வாசல்வரை வந்து நின்றாள். "உசுரோட இருக்கற புள்ளய அங்க கூட்டிட்டுப் போறயே" என்று அண்ணனிடம் சொன்னாள். அவன் சர்க்கார் உத்தரவு என்றான். சர்க்கார் என்றதும் அம்மா வாயை மூடிக்கொண்டாள். எமனைவிட சர்க்காருக்கு அவள் அதிகம் பயப்படுவாள்.

நாமக்கல் கோட்டைப் பாறையின் நிழல் விழுகிற சந்தில் போட்டோக்காரர் வீடு. உள்ளே போனதும் குளிர்ந்தது. போட்டோக்காரர் என்னைப் பார்க்கவேயில்லை. அண்ணனிடம் தாழ்ந்த குரலில், "எந்நேரத்துலீங்க ஆச்சு?" என்றார்.

"என்னதுங்க?"

"இல்லீங்க, பழக்கதோசம். உக்காரச் சொல்லுங்க."

நாற்காலி அவர் ஊர் ஊராகத் தூக்கிப்போகிற அதே நாற்காலி. முதுகுச் சட்டத்தில் துண்டு கட்டிக் கட்டி ஒரு இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அது என் முதுகில் பட்டது. அவர் வந்து இரண்டு விரலால் என் தாடையைத் தூக்கி நிறுத்தினார். கைகளை எடுத்து மடிமேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார். வயசுப்பெண்ணை அந்நியர் தொட்டால் எங்கள் ஊரில் வெட்டுக்குத்து ஆகிவிடும். அண்ணன் பேசாமல் நின்றான். நானும் பேசவில்லை. உயிருள்ள ஒருத்தியைத் தொடுகிற மாதிரி அந்தக் கை தொடவேயில்லை, அதனால் எதைச் சொல்லிக் கோபித்துக்கொள்வது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அசையாதீங்க, இங்கே பாருங்க என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அவர் முன்னால் உட்காருகிறவர்களிடம் அதையெல்லாம் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை. திடீரென்று ஒரு வெடி, வெள்ளை வெளிச்சம், கந்தகம் போல ஒரு நாற்றம். கண்ணைத் திறந்தபோது அறை முழுக்கப் புகை. "ஆச்சுங்க" என்று அண்ணனிடம் சொன்னார்.

படங்கள் அடுத்த வாரம் வந்தன. கண் திறந்திருந்தது, காது இரண்டும் தெரிந்தது, சர்க்கார் கேட்டது அதுதான் என்று அண்ணனுக்குத் திருப்தி. மூக்கு என்னுடையது, மூக்குத்தி என்னுடையது, பார்வை நடுச்சுவரில் இருந்தது. அம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரி மோர் கேட்டு வந்தவள், முக்காலிமேல் சாய்த்துவைத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டாள். "அடி எஞ்சாமி, இந்த வயசுலயா போவ!" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் ஆட்டுக்கல்லிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்தேன். என்னைக் கண்டதும் அவள் போட்ட கூச்சல் இருக்கிறதே, அழுத அழுகையைவிடப் பெரியது. மோர் வாங்காமலே போனாள். பிறகு நான் ஊரில் இருந்தவரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

இரண்டு படம் கொழும்புக்குப் போயிற்று, மற்றவை கலெக்டர் ஆபீசுக்குப் போயின. அனுமதி வந்தது. மார்கழி பாதி போனபிறகு பாஸ்போர்ட்டும் வந்தது. படத்தின் ஓரத்தில் சர்க்கார் முத்திரை ஆழமாகக் குத்தியிருந்தது. அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெயர், அப்பா பெயர், ஊர், அம்மைகுத்தின சீட்டு, எல்லாவற்றையும் சிலேட்டோடு சரிபார்த்தான். அப்புறம் அவனே அதிகாரியாக உட்கார்ந்துகொண்டு என்னை நிற்கவைத்து, "உன் பேர் என்ன? எதுக்குப் போற?" என்று தினமும் பரீட்சை வைத்தான். நான் சிரித்தால் திட்டினான். எல்லா எழுத்தையும் நூறு தடவை பார்த்தவன், முகத்தை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை. குற்றம் சொல்ல முடியாது. படங்களை நேருக்கு நேர் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. காலையில் அம்மா குளித்து விளக்கேற்றி, வழித்துணைக்கு வேண்டிக்கொள்ளலாம் என்று பாஸ்போர்ட்டைத் திறந்து சாமி முன்னால் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் அப்பா படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பழகின கை. அது கேட்குமா? என் படத்தின் நெற்றியிலும் வைத்துவிட்டது. அண்ணன் வந்து பார்த்தவன், அலறிக்கொண்டு துண்டின் நுனியைச் செம்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தான்.

சந்தனம் போயிற்று. கூடவே இடது கண்ணும் போயிற்று.

கீழே இன்னொரு கண் இருந்தது, மூடின கண். இமை, இமைமுடி, எல்லாம் அச்சாக என்னுடையது. வலது கண் மட்டும் விழித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. அம்மா அப்படியே உட்கார்ந்தாள். வெளிச்சம் வெடித்தபோது நான் கண்ணை மூடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

சேலத்துக்குப் போய் வேறு வாங்க நாள் இல்லை. மறுநாள் விடியலில் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்தோம். திருச்சிக்கு நாமக்கல் வழியாகத்தான் போகவேண்டும், போகிற வழியில் அவரையே எழுதிக்கொடுக்கச் சொல்லலாம் என்றான் அண்ணன். சர்க்கார் முத்திரை குத்தின படத்தில் கை வைத்தால் ஜெயில் என்று அவனுக்குத் தெரியாதா?

போட்டோக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ஈரம் பட்டுருச்சுங்களா? அதுக்கென்னுங்க, எழுதிப்போட்டறலாம்."

"இவ கண்ண மூடிட்டாங்கறத நீங்க சொல்லவே இல்லீங்களே!" என்றான் அண்ணன், குரல் உடைந்து.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மூடித்தானுங்க இருக்கும்," என்றார். "எல்லாருக்கும் மூடித்தான இருக்கும்."

ஒரு கண்ணாடியை எடுத்து முன்னால் சாய்த்துவைத்தார். தூரிகையை நனைத்தார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். முன்பு வந்தபோது நான் தலை குனிந்தபடி இருந்தேன், அவரும் துணிக்குள் இருந்தார். அன்றைக்குத்தான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். நடுச்சுவரில் இருந்த கண். எதிர்வீட்டில், மேலத்தெருவில், நான் போன ஒவ்வொரு வீட்டிலும் என்னைப் பார்த்த கண். அது அந்த மனுஷர் முகத்தில் இமைத்துக்கொண்டிருந்தது.

"இது உங்க கண்ணுங்களா?" என்று கேட்டேன். அந்நிய ஆண்பிள்ளையிடம் நான் முதன்முதலாகப் பேசிய பேச்சு அது.

"வேற ஆரு கண்ணுங்க?" என்றார் சாதாரணமாக. "அவிங்க கண்ண நாம் பாத்ததில்லீங்களே. என்ற கண்ணப் பாத்துத்தானுங்க எழுதறது."

எனக்கு வந்த பயம் பாதி, கோபம் பாதி. என் அப்பாவின் கண் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. நினைவு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்ததெல்லாம் இவருடையது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா யார் முன்னால் நின்று கண்ணீர் விட்டாளோ! அவர் தூரிகை படத்துக்குக் கிட்டே வந்தது. நான் கையை நீட்டி பாஸ்போர்ட்டைப் பிடுங்கினேன். அவருடைய தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை நனைத்து, மிச்சமிருந்த வலது கண்ணையும் நானே அழித்தேன்.

"அடிப்பாவி!" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "கெவருமெண்டு படம் புள்ள அது! ஏறவே உடமாட்டாங்க. கெடுத்துட்டயே!"

"உட்டா என்ற கண்ணோட போறேன். இல்லீன்னா வேண்டாங்கண்ணா" என்றேன். வாய் அப்படிச் சொல்லிவிட்டது. ரங்கூன்காரனின் பெண்டாட்டி மறுபடியும் கண்முன் வந்து நின்றாள். போட்டோக்காரர் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஒரு அடி பின்னால் போய், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். நாங்கள் படி இறங்குகிறவரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

முசிறியில் பஸ் நின்றபோது எனக்கு மட்டும் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு அண்ணன் முகத்தைத் திருப்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். விமான நிலையம் என்றால் ஏதோ பெரிதாக நினைத்திருந்தேன். பொட்டல்காட்டில் ஒரு கட்டடம், அதற்கப்பால் வெயிலில் பளபளவென்று விமானம். மேஜைக்கு அந்தப்பக்கம் ஒரு இளவயது அதிகாரி. காகிதங்களை வரிசையாகப் பார்த்தார். பெயர் சரி, ஊர் சரி, அம்மைகுத்தின சீட்டு சரி. படத்துக்கு வந்ததும் கை நின்றது.

"என்னம்மா இது, தூங்கிட்டிருக்கீங்க?"

"வெளிச்சம் பட்டு மூடிட்டேனுங்க."

"இத வச்சுகிட்டு நீங்கதான்னு நான் எப்படிச் சொல்றது?" படத்தைத் திருப்பினார், சாய்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் அதிகாரி, "சரி. கண்ண மூடுங்க" என்றார்.

மூடினேன்.

அத்தனை பேருக்கு நடுவில் முகத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எல்லோரும் பார்க்கிறார்கள், நாம் யாரையும் பார்ப்பதில்லை. முணுமுணுப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. இப்போதும் சத்தியம் செய்வேன், செருப்பைக் கழற்றும் சத்தம்தான். பின்னால் அண்ணன் விம்மினான். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தபோது பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டவன் அவன், அப்போது அவனுக்கு விவரம் தெரிந்த வயசு. எனக்குக் கை கால் எங்கேயிருக்கிறது என்பதே தெரியவில்லை. முதுகில் அந்த நாற்காலியின் தேய்ந்த சட்டம் பட்டுக்கொண்டிருந்தது.

"போதும்மா" என்றார் அதிகாரி. எனக்குக் கேட்டது. ஆனால் இமை எழவில்லை. "போதும், தொறங்க. தொறங்கம்மா!" என்று அவர் கத்திய கத்தலில்தான் திறந்தேன். அவர் நெற்றி வியர்த்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமல் முத்திரையைக் குத்தி, இரண்டு விரலால் பாஸ்போர்ட்டைத் தள்ளிவிட்டார்.

ஆகாயத்தில் பறந்ததைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கண்ணை மூடவே பயமாக இருந்தது, அதனால் முன்னாலிருந்த இருக்கையையே பார்த்துக்கொண்டு போனேன்.

கொழும்பில் கம்பித் தடுப்புக்கு அப்பால் வீட்டுக்காரர் நின்றார். அவருடைய காலைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். கையில் என் படம் வைத்திருந்தார். இறங்கி வருகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், எனக்குப் பின்னால் வருகிறவர்களையும் பார்த்தார். அங்கேயிருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டையும், அனுமதிக்காகக் கொடுத்திருந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் கண் மூடியிருந்தது, ஒன்றில் திறந்திருந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். பாஷை தெரியாவிட்டாலும் கேள்வி என்னவென்று எனக்குத் தெரியாதா? இவள்தான் உன் பெண்டாட்டியா என்பதுதான்.

அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்துவிட்டு, திரும்பவும் படத்தைத்தான் பார்த்தார். நான் தலையைக் குனியாமல் நின்றேன். ஆமாம் என்று அவர் சொல்ல இவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவேயில்லை. கடைசியில் சொன்னார். அதிகாரி போகச் சொன்னார்.

குதிரைவண்டியில் ஏறி வெகுதூரம் போனோம். கடல் ஒரு பக்கமாக வந்துகொண்டேயிருந்தது. பிறகு, கையிலிருந்த படத்தைப் பார்த்தபடியே அவர் சொன்னார். "இத தலமாட்டுலதான் வெச்சிருந்தேன். தெனமும் கடையில நடந்தது, மனசுல இருந்தது, ஒருத்தருகிட்டயும் சொல்லாததெல்லாம் இதுகிட்டச் சொல்லுவேன். கேட்டுக்கிட்டே இருக்கறாப்பல இருக்கும்." படத்தை என் பக்கம் திருப்பினார். "அப்ப, இத்தன நாளா நாம் பேசிக்கிட்டிருந்தது ஆரு கூட?"

எனக்குப் பதில் தெரியும். வந்த அன்றைக்கே அதைச் சொல்ல மனம் வரவில்லை. அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தபடி, ஊட்டுல முகங் கழுவத் தண்ணி இருக்குதுங்களா என்று கேட்டேன்.